கஞ்சிப்புரை அக்காவின் இங்கிலீஷ்

தமிழில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வரியை இங்கிலீஷிலும் எழுத மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த ஒரே ஒரு ஆளை நான் என் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில்தான் பார்த்தேன். இப்போது எனக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க இங்கிலீஷில் பதில் எழுதுகிற வேலை. பாறசாலையில் காலை ரயில் ஏறி, எட்டு மணி நேரம் ‘மிகவும் வருந்துகிறோம்’, ‘உங்கள் கருத்தைப் பெரிதும் மதிக்கிறோம்’ என்று தட்டிவிட்டு, மாலை ரயிலில் வந்து இறங்குகிறேன். வருந்தியதும் கிடையாது, மதித்ததும் கிடையாது. தட்டும்போதெல்லாம் அக்கா ஞாபகத்துக்கு வருவார் என்று சொன்னால் அது பொய். எப்போதாவது வருவார். வந்துவிட்டால் அன்றைக்கு வேலை ஓடாது.

பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகிற வழியில், பழைய மிஷன் சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். மலையாள மீடியம் பெரிது. தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். மதியச் சாப்பாடு சமைக்கிற அக்காவுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். கஞ்சி ஊற்றுவது நின்று சோறும் பயறும் போட ஆரம்பித்து வெகுகாலம் ஆகியும் சமையல்கட்டுக்குக் கஞ்சிப்புரை என்றுதான் பெயர். அதனால் அவர் கஞ்சிப்புரை அக்கா. முகத்துக்கு நேரே வெறும் அக்கா.

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பாதியில் நிறுத்திய பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து படித்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுவதற்கு எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஒரு வகுப்பு நடந்தது. வாரத்தில் ஐந்து நாள் சமைக்கிற கட்டிடத்துக்கு ஆறாவது நாளாக அவர் புத்தகப் பையோடு வந்தார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் வீட்டுப் பக்கத்து அங்கன்வாடியில் இருந்த டீச்சர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு மனு போட வேண்டுமானால் பத்தாம் வகுப்பு ஜெயித்திருக்க வேண்டும். சமையல் வேலையோ ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தார் வேண்டும் என்றால் உண்டு, வேண்டாம் என்றால் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் வயிற்றில் நெருப்போடு இருக்க முடியாது என்பார்.

மற்ற பாடங்களை அவர் எப்படியோ சமாளித்தார். இங்கிலீஷுக்குத்தான் என்னிடம் வந்தார். வந்தார் என்ன, பிடித்தார். விளையாட்டுப் பீரியடில் வெயிலுக்குப் பயந்து நான் கஞ்சிப்புரை நிழலில் ஒளிந்து நிற்பது வழக்கம்.

"மக்கா, நீ இங்கிலீஷ்ல மிடுக்கி, கெட்டிக்காரியாக்கும்னு டீச்சர் சொல்லிச்சு. ஒளிஞ்சு நிக்குத நேரத்துல எனக்கு ஒரு உபகாரம் செய்தா என்ன?"

செய்தேன். கூலியாக அவித்த மரச்சீனிக் கிழங்கும், சம்மந்தி என்கிற மிளகாய்த் துவையலும் கிடைத்தன. அந்தச் சம்மந்திக்காக நான் யாருக்கு வேண்டுமானாலும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

அவருடைய கையெழுத்தைப் பார்த்து முதல் நாளே சிரித்துவிட்டேன். கூட்டெழுத்தே கிடையாது. புத்தகத்தில் அச்சடித்திருப்பது எப்படியோ அப்படியே எழுதுவார். சின்ன ஏ எழுத்துக்குத் தலைக்கு மேலே ஒரு வளைவு, சின்ன ஜி எழுத்துக்கு அடியில் ஒரு முடிச்சு. அரிசிச் சாக்கிலும் சோப்பு உறையிலும் பழைய பேப்பரிலும் பார்த்துப் பார்த்துத் தானாகப் படித்த எழுத்து அது. ஒரு பக்கம் எழுத முக்கால் மணி நேரம் ஆகும். எழுதி முடித்ததைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் மனுஷர் கை பட்டதாகவே தெரியாது.

சொல் படிப்பதில் அவருக்கு ஒரு தனி முறை. பாடத்தின் கடைசியில் புதுச் சொற்களாக ஒரு பட்டியல் இருக்குமே, நாங்கள் எல்லாரும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு உருப்போடுவோம். அக்கா ஒவ்வொன்றாக அர்த்தம் கேட்பார். கேட்டுவிட்டு, "இது எனக்கு எங்க உபயோகம் வரும்?" என்பார். உபயோகம் வரும் என்று பட்டால் நோட்டில் ஏற்றுவார். இல்லையென்றால் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் காத்திருக்கச் செய்வார். ‘மாக்னிஃபிசன்ட்’ என்ற சொல் அப்படி இரண்டு மாதம் புள்ளியோடு கிடந்தது. மலையைச் சொல்லலாம், கடலைச் சொல்லலாம் என்று நான் எவ்வளவோ எடுத்துக்கொடுத்தேன். மசியவில்லை. ஒருநாள் கணக்கு வகுப்பு நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே அவர் தலை தெரிந்தது. கையில் முறம்.

"மக்கா! அந்தச் சொல்லுக்கு இண்ணைக்கு உபயோகம் வந்துது. இந்த லோடு அரிசியில ஒரு கல்லு இல்ல. மாக்னிஃபிசன்ட்!"

கணக்கு சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு நோட்டில் ஏறியது அந்தச் சொல்.

வாசிப்பில்தான் என்னோடு சண்டை போடுவார். ஒரு பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்வி கேட்பார்கள் அல்லவா? ஒரு படகோட்டி புயலில் மாட்டிக்கொண்டது பற்றிய பத்தி. அந்த நேரத்தில் அவன் மனதில் என்ன இருந்திருக்கும் என்பது கேள்வி. அக்கா பதிலே எழுதவில்லை.

"எனக்கு எப்பிடித் தெரியும்? அந்த ஆளு ஒண்ணும் சொல்லல்லியே."

"ஊகிச்சு எழுதணும் அக்கா. அதுக்குத்தான் நாலு மார்க்."

"ஊகிச்சு எழுதலாம். ஆனா இது நான் ஊகிச்சதாக்கும்னு முதல்ல சொல்லிரணும். இல்லாட்டா அவரு சொன்னதுபோல ஆயிருமே."

அதன் பிறகு அப்படிப்பட்ட பதில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘நான் நினைக்கிறேன்’ என்று இங்கிலீஷில் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுத்த டீச்சர் முதலில் அதைக் கோடு போட்டு அடித்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பையனின் நாட்குறிப்பைக் கற்பனை செய்து எழுதச் சொன்னால் நாங்கள் என்ன எழுதுவோம்? என் வாழ்வின் மறக்க முடியாத நாள், கண்ணீர் பெருகியது, பெற்றோருக்கு நன்றி. அக்கா தன்னுடைய நாட்குறிப்பை எழுதினார். ‘பதினொரு வயதுக்குப் பிறகு நான் ஓடியதில்லை. இன்று பஸ்ஸுக்காக ஓடினேன். பஸ் கிடைக்கவில்லை.’ இங்கிலீஷில் அந்த மூன்று வரியை எழுத அவருக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. எனக்கு அது அன்றைக்கு வெறும் அசட்டுத்தனமாகத் தெரிந்தது. இங்கிலீஷ் என்பது கல்யாண வீட்டுக்குப் போகும்போது உடுத்துகிற பட்டு, அதைக் கட்டிக்கொண்டு யாராவது பஸ்ஸுக்கு ஓடுவார்களா என்று நினைத்தேன். பதினைந்து வயது. வகுப்பில் முதல் மார்க் வேறு. எனக்கு அப்போது ரொம்பத் திமிர்.

கடித விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருடக் கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கழிப்பறை கட்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதன் கழிவுநீர்க் குழியைக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே தோண்டிவிட்டார்கள். அக்கா சமைப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரில். சமைக்கிற தண்ணீர் கொதித்துவிடும். விளையாடிவிட்டு ஓடி வருகிற பிள்ளைகள் குழாயில் வாயை வைத்துக் குடிக்கிற தண்ணீர் கொதிக்காது. இதை எச்.எம். சாரிடம் அக்கா இரண்டு தடவை தமிழில் சொன்னார். பெற்றோர் சங்கத் தலைவரிடம் ஒரு தடவை மலையாளத்தில் சொன்னார். பார்க்கலாம் என்று இரண்டு பாஷையிலும் பதில் வந்தது.

நவம்பர் மாதம் என்று நினைக்கிறேன். அக்காவின் பரீட்சைக் கையேட்டில் கடிதம் எழுதும் பயிற்சி. ‘உன்னை அனு என்று வைத்துக்கொள். உன் ஊரில் குடிதண்ணீருக்குள்ள கஷ்டத்தைச் சொல்லிப் பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுது.’

"அனு யாரு?" என்றார் அக்கா.

"யாரும் இல்ல. சும்மா ஒரு பேரு."

"பின்ன அவ கஷ்டம் எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்க பேர்ல எழுதட்டா?"

பரீட்சையில் சொந்தப் பேர் எழுதினால் தாளைத் திருத்த மாட்டார்கள், இப்போது பழகுவதற்குத்தானே, எழுதுங்கள் என்றேன். எழுதினார். கிணறு, குழி, இரண்டுக்கும் நடுவே எத்தனை எட்டு தூரம், பிள்ளைகள் குடிப்பது. ஏழே வரி. எனக்கு அந்த வரிகளைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து என் கைவரிசையைக் காட்டினேன். பிழை திருத்தியதோடு நின்றேனா? ‘எண்ணற்ற மக்கள் கொடிய நோய்களுக்கு ஆளாகித் தவிக்கிறார்கள்’ என்று சேர்த்தேன். ‘தங்கள் பொற்பாதங்களில் பணிந்து’ என்கிற மாதிரி ஒன்றையும் சேர்த்தேன். ஏழு வரி பதினெட்டு வரியாயிற்று. எங்கள் டீச்சர் பார்த்தால் சுற்றி ஒரு வட்டம் போட்டு நல்லது என்று எழுதுவார், அப்படிப்பட்ட கடிதம்.

அக்கா ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். நோய் வந்த இடத்தில் விரல் நின்றது.

"யாருக்கு நோயி வந்துது?"

"யாருக்கும் இல்ல. அப்படி எழுதுறதுதான் முறை அக்கா. இல்லேன்னா யாரும் கவனிக்க மாட்டாங்க."

"வந்த பெறவு எழுதி என்னத்துக்கு மக்கா? வரண்டாம்னுதானே எழுதுதேன்."

பிழை திருத்தியதை மட்டும் வைத்துக்கொண்டார். நான் சேர்த்ததை எல்லாம் வெட்டினார். மறுபடி ஏழு வரி. நல்ல தாளில் அச்சு எழுத்தில் எழுதிக் கீழே தன் பெயரையும், பள்ளிக்கூடத்தின் பெயரையும், ‘சமையல்காரி’ என்பதையும் போட்டார். நான் பயிற்சி முடிந்தது என்று சம்மந்தியை வழித்துத் தின்றுவிட்டுப் போனேன். அவர் மறுநாள் காலை வரும் வழியில் அதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டார்.

எனக்குத் தெரிந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருடமாக எத்தனையோ பிள்ளைகள் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். தெருவிளக்கு, ரோடு, குப்பை என்று ஊரில் இல்லாத குறையெல்லாம் எழுதியிருக்கிறோம். ஒன்றுகூட நோட்டை விட்டு வெளியே போனதில்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. அக்காவுக்கு மேல்விலாசம் எழுதினால் அனுப்ப வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பஞ்சாயத்திலிருந்து ஒரு அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். மலையாளத்தில் போயிருந்தால் அந்தக் கடிதம் நூறோடு நூற்றொன்றாகக் கிடந்திருக்கும். இங்கிலீஷில், அதுவும் அச்சடித்த மாதிரி எழுத்தில் போனதால் மேஜை மேஜையாக மேலே ஏறியிருக்கிறது. சமையல்காரி இப்படி எழுத முடியாது, படித்த யாரோ அவர் பெயரை வைத்து எழுதியிருக்கிறார்கள், பெரிய இடத்துக்குப் போகும் முன்பு யார் என்று தெரிய வேண்டும் என்று அங்கே முடிவு செய்துவிட்டார்கள். எச்.எம். சாருக்கு எங்கள் இங்கிலீஷ் டீச்சர் மேல் சந்தேகம். டீச்சர் அழுதுகொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அந்தப் பிள்ளைதான் அவங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்" என்று என்னைக் கைகாட்டினார்.

எச்.எம். அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே எச்.எம். சார், அதிகாரி, டீச்சர். மேஜை மேல் கடிதம். அக்கா எனக்கு முன்னமே வந்து சுவர் ஓரமாக நின்றிருந்தார். இடுப்பில் கட்டிய ஈரத் துண்டு அவிழ்க்கப்படாமலே இருந்தது.

"நான்தான் எழுதினேன் சார். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. குழந்தை எதையாவது சொன்னால் சிரிப்போமே, அப்படி.

எச்.எம். சார் கெட்டவர் இல்லை. பிள்ளைகளின் பஸ் பாஸுக்காகப் பாறசாலைக்கு எத்தனையோ தடவை அலைந்தவர். அக்காவை வேலையிலிருந்து அனுப்பவும் அவருக்கு மனமில்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பாரும்மா. நீ பத்தாம் கிளாஸுக்குப் படிக்கிறே. கையேட்டில இருந்த கத்தை, அதான் அந்த லெட்டரை, பார்த்து எழுதிப் பழகினே. அர்த்தம் ஒண்ணும் தெரியாது. கைதவறித் தபாலில போயிடுச்சு. இப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா இதோட தீந்துது. உனக்கும் கேடில்ல, ஸ்கூலுக்கும் கேடில்ல. நாளைக்கு அங்கன்வாடி இண்டர்வியூவுக்கு நீ போய் நிக்க வேண்டியது இவங்க பஞ்சாயத்துக்குத்தான். பிரசிடெண்டுதான் அங்க இருப்பாரு. ஞாபகம் இருக்கட்டும்."

"அர்த்தம் தெரியாம நான் ஒரு வரிகூட எழுதினதில்ல சார்."

"பிடிவாதம் பிடிக்காதே. ஜூன்ல நான் என்ன சொல்லி உன்னை வச்சுக்கிட முடியும்?"

அக்கா மேஜை மேல் இருந்த கடிதத்தையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து எச்.எம். சார் என் பக்கம் திரும்பினார். "நீதானே சொல்லிக்கொடுத்தே? நீ சொல்லு. அவங்களுக்கு இதோட அர்த்தம் தெரியுமா?"

உண்மையைச் சொன்னால் அக்காவுக்குச் சமையல் வேலையும் போகும், அங்கன்வாடியும் போகும். ஒரே ஒரு பொய் போதும். இரண்டும் தப்பும். எனக்கு அக்கா என்றால் உயிர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"தெரியாது சார். நான்தான் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதைப் பார்த்து வரைஞ்சாங்க."

வரைந்தார்கள் என்றே சொன்னேன். அந்த அச்சு எழுத்தை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொன்னேன். எச்.எம். சார் முகத்தில் நிம்மதி வந்தது. அதிகாரியும் தலையாட்டினார். எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று நான் அக்காவைப் பார்த்தேன்.

அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் நான் தாங்கியிருப்பேன். இத்தனை மாதம் ஒன்றாக இருந்துவிட்டு, உனக்கு என்னைப் பற்றி இவ்வளவுதானா தெரியும் என்று கேட்கிற பார்வை.

"சார், எனக்கு ஒரு பேப்பர் தாருங்க."

மன்னிப்பு எழுதத்தான் கேட்கிறார் என்று நினைத்து எச்.எம். சார் தாளும் பேனாவும் கொடுத்தார், நாற்காலியையும் காட்டினார். அக்கா உட்காரவில்லை. கையை ஈரத் துண்டில் துடைத்தார், மறுபடி சேலைத் தலைப்பில் துடைத்தார். மேஜை மேல் குனிந்து எழுத ஆரம்பித்தார். ஏ எழுத்துக்கு மேலே வளைவு, ஜி எழுத்துக்கு அடியில் முடிச்சு. மணி அடித்து அடுத்த பீரியடும் ஆரம்பித்துவிட்டது. நாலு வரி எழுத அவருக்கு எத்தனை நேரம் ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். அதிகாரி ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, அந்தக் கடிதத்தை எடுத்து, புதிதாக எழுதப்படுகிற எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எழுதி முடித்து அக்கா தாளை எச்.எம். சாரிடம் கொடுத்தார். சார் இங்கிலீஷிலேயே வாசித்தார். நான் இப்போது தமிழில் சொல்கிறேன்.

‘இந்தக் கடிதத்தை நான் எழுதினேன். அர்த்தம் தெரிந்து எழுதினேன். இந்தப் பெண் நல்ல பெண். என்மேல் உள்ள அன்பால் பொய் சொன்னாள்.’

நாலாவது வரியில் சாரின் குரல் இறங்கிப்போயிற்று. டீச்சர் மூக்கை உறிஞ்சினார். நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி அந்தத் தாளை வாங்கி, கடிதத்தோடு சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையாளத்தில் ஒன்று கேட்டார்.

"கிணறு எவிடெயா சேச்சீ?"

கிணற்றைக் காட்ட அக்கா முன்னால் நடந்தார். அவர் பின்னால் போனார்.

அடுத்த மாதமே கிணற்றை மூடிவிட்டார்கள். பஞ்சாயத்துக் குழாயும் ஒரு கறுப்புத் தொட்டியும் வந்தன. எங்கள் வகுப்புப் பையன்கள் தொட்டிக்கு அக்கா பெயரை வைத்தார்கள். ஜூனில் அக்காவுக்குப் பதிலாக வேறொருவரை எடுத்தார்கள். கடிதத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. பெற்றோர் சங்கத் தீர்மானம் என்று சொன்னார்கள்.

அதற்கு இடையிலே, மார்ச் பரீட்சை வரை இருந்த நாலு மாதம்தான் எனக்குப் பெரிய தண்டனை. அக்கா என்னோடு பேசாமல் இல்லை. எப்போதும்போல ‘மக்கா’ என்றார். எப்போதும்போல பயற்றில் ஒரு கரண்டி கூடவே போட்டார். விளையாட்டுப் பீரியடில் போய் நின்றால் மரச்சீனியும் சம்மந்தியும் வந்தன. நோட்டு மட்டும் வரவில்லை. துண்டுக்கு அடியில் அது இருப்பது தெரியும். எடுக்க மாட்டார். ஒருநாள் நானே கேட்டேன்.

"அக்கா, இன்னைக்கு ஏதாவது எழுதினீங்களா?"

"எழுதினேன் மக்கா. நீ சாப்பிடு."

அந்த மரச்சீனி எனக்கு இறங்கவில்லை. மார்ச்சில் என் பரீட்சையில் கடிதக் கேள்வி வந்தது. கொடிய நோய், பொற்பாதம், எல்லாவற்றையும் இறக்கிவைத்தேன். ஏ பிளஸ். வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அக்காவை மறுபடி நான் பார்த்தது ஒன்றரை வருடம் கழித்து. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பாறசாலையில் பஸ் ஏறினால் ஜன்னல் ஓரத்தில் அவர். இறங்கிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவரே பையை மடியில் எடுத்து வைத்து இடம் கொடுத்தார்.

"பரீட்சை என்னாச்சு அக்கா?"

"ஜெயிச்சாச்சு. இங்கிலீஷ்ல தட்டுமுட்டாக்கும், கஷ்டிச்சுக் கரையேறினேன். கத்து எழுதச் சொல்லி ஒரு கேள்வி வந்துது. பேரு போடக் கூடாதுல்லியா? ‘ஒரு சமையல்காரி’ன்னு போட்டேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அங்கன்வாடி இண்டர்வியூ நடந்ததா என்று கேட்கப் பயமாக இருந்தது. அதையும் அவரே சொன்னார்.

"பிரசிடெண்டு இருந்தாரு. முன்ன செய்த வேலைய எதுக்கு விட்டதுன்னு கேட்டாரு. படிக்கதுக்குன்னு சொல்லணும்னு எல்லாரும் சொல்லிவிட்டிருந்தாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களுக்கு ஒரு கத்து போட்டேன், அதுல போச்சுன்னு சொன்னேன்."

"ஐயோ. அதுக்கு அவரு?"

"இப்பம் அங்க தண்ணி எப்பிடி உண்டுன்னு கேட்டாரு. எனக்குத் தெரியாது சார், நான் இப்பம் அங்க இல்லியேன்னு சொன்னேன்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கிடைத்ததா இல்லையா என்று வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா பையைத் திறந்து, புத்தகத்துக்கு நடுவே மடங்காமல் வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். நாளை காலை அங்கன்வாடியில் சேருவதாக எழுதிக் கொடுக்க வேண்டிய தாள்.

"மலையாளத்துல எழுதினா போரும்னு சொன்னாவ. எனக்கு இங்கிலீஷ்ல எழுதினாத்தான் சேர்ந்ததுபோல இருக்கும். இந்தா, வாசிச்சுப் பாரு. பிழை உண்டெங்கில் சொல்லு."

தாளை என் கையில் வைத்தார். ஒன்றரை வருடத்துக்கும் மேலாயிற்று அவர் எழுத்து என் கைக்கு வந்து. கண் கலங்கிவிட்டது, எழுத்து தெரியவில்லை. துடைத்துக்கொண்டு வாசித்தேன். இன்ன தேதியில் இந்த வேலையில் சேருகிறேன் என்று இருந்தது. எந்த அங்கன்வாடி, எந்த வார்டு என்று இருந்தது. அதற்கு அப்புறம் ஒரு வரி. ‘இதற்கு முன் பள்ளியில் சமையல்காரியாக இருந்தேன், ஒரு கடிதம் எழுதியதால் அந்த வேலை போனது.’

சேருகிற தாளில் அந்த வரிக்கு ஒரு தேவையும் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். இதை மட்டும் எடுத்துவிடுங்கள் அக்கா என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. இரண்டையும் சொன்னேன்.